சிறைவிதியும் சிறைக்கடிதமும்: கிராம்சி குடும்பத்தின் அனுபவம் குறித்து

சிறையிலிருந்து எழுதப்பட்ட கடிதங்களை நாம் பொதுவாக இரு வகையில் வாசித்து வந்துள்ளோம். எழுதியவரது உள்ளத்தின் வெளிப்பாடாக அவற்றைக் கொள்வது ஒன்று. அரசியல் வரலாற்றுக்கான சான்றாகக் கொள்வது மற்றொன்று. இத்தாலியப் பொதுவுடைமைக் கட்சியின் தலைவர் அந்தோனியோ கிராம்சியின் கடிதங்களும் இதற்கு விலக்கல்ல. 1947 இல் நூலுருப் பெற்று, அவ்வாண்டிலேயே வியாரெஜ்ஜோ இலக்கியப் பரிசினையும் பெற்ற அக்கடிதங்களில், உறுதிமிக்க புரட்சியாளர் ஒருவரின் மென்மையான இயல்பைக் கண்டு நெகிழ்ந்தோர் பலர். நெகிழ்ச்சி தவறன்று. ஆயின், அம்மனிதர் எத்தனை நாட்களுக்கு ஒருமுறை, யாருக்கு, எந்தத் தாளில், யாருடைய பார்வைக்குட்பட்டு எழுத அனுமதிக்கப்பட்டார் என்பதை அறியாமல் நெகிழும் வாசகர், ஒரு வெண்பாவை அதன் யாப்பை அறியாது சுவைப்பவரின் நிலையிலேயே நிற்கின்றார். சிறைவிதியே அக்கடிதங்களின் யாப்பு.

இதனை இப்பொழுது எடுத்துக் கூறுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1971 ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் பின்னரும், 1979 இற் பயங்கரவாதத் தடைச் சட்டம் கொண்டுவரப்பட்டதன் பின்னரும், சிறைவாயிலில் நிற்க நேர்ந்த பெற்றோரும் மனைவியரும் நமது நாட்டில் ஆயிரக்கணக்கானோர். எதைக் கொண்டுசெல்லலாம், எதைக் கேட்கலாம், யாருக்கு மனு எழுதலாம், எழுதினால் அது உள்ளே இருப்பவருக்கு நன்மையா தீமையா என்பவற்றை அவர்களுக்கு எடுத்துரைப்பார் அரிது. அறிந்தவர்களும் வரிசையில் முன்னே நின்றவரிடம் கேட்டே அறிந்தனர். கிராம்சி குடும்பத்தின் அனுபவம் இவ்வகையில் நமக்கு அந்நியமானதன்று.

முதலில் மூன்று சொற்களை வேறுபடுத்திக் கொள்வோம். விதி என்பது எழுதப்பட்டது, அச்சிடப்பட்டிருப்பது, கைதியும் அதனைச் சுட்டிக்காட்டி வாதாடலாம். ஒழுங்கு என்பது அவ்விதியின் பெயரால் அத்தியட்சகரும் காவலரும் நாள்தோறும் நடைமுறைப்படுத்துவது. அது சிறைக்குச் சிறை, ஆளுக்கு ஆள் வேறுபடும். சலுகை என்பது, கொடுக்கப்படுவதனாலேயே பறிக்கப்படவும் கூடியது. குடும்பத்தவர் பெரும்பாலும் இம்மூன்றையும் ஒன்றெனவே எண்ணுகின்றனர். சிறை நிருவாகமோ ஒருபோதும் அவ்வாறு எண்ணுவதில்லை. எதனையும் பெற்றிராத ஒருவனிடமிருந்து எதனையும் பறிக்க முடியாது. எனவே தண்டிப்பதற்கு முன்னர் அவனுக்குச் சிறிதளவேனும் கொடுத்திருத்தல் வேண்டும். பேனாவும் புத்தகமும் கடிதமும் சந்திப்பும் சலுகைகளாக வகுக்கப்பட்டிருப்பதன் பொருள் இதுவே. இவற்றுள் கடிதமும் சந்திப்பும் கைதிக்கு மட்டும் உரியவையல்ல. அவை பறிக்கப்படும்போது எக்குற்றமும் இழைக்காத இன்னொருவரும் தண்டிக்கப்படுகின்றார்.

கிராம்சி 1926 நவம்பர் 8 ஆந் திகதி இரவு உரோமில் கைது செய்யப்பட்டார். அப்போது அவர் பாராளுமன்ற உறுப்பினர். அப்பதவிக்குரிய பாதுகாப்பினை முசோலினியின் அரசு பொருட்படுத்தவில்லை. உரோமின் றெஜீனா கோலி சிறையிலிருந்து, தாம் தங்கியிருந்த வீட்டின் உரிமையாளரான அம்மையாருக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். ஜெர்மன் இலக்கண நூல் ஒன்று, மொழியியல் நூல் ஒன்று, தாந்தேயின் காவியத்தின் மலிவுப் பதிப்பு ஒன்று ஆகியவற்றை அனுப்பும்படி அதிற் கேட்டிருந்தார். அக்கடிதம் அவ்வம்மையாரைச் சென்றடையவேயில்லை. பொலிசாரின் கோவைக்குள் அது அடங்கிப்போயிற்று. பதில் வராமை மறதியினாலோ அச்சத்தினாலோ அன்று, கடிதமே போய்ச்சேராமையினால் என்பதை உள்ளே இருப்பவர் எவ்வாறு அறிவார்? வெளியே இருப்பவர்தாம் எவ்வாறு அறிவார்? சிறைக்கடிதங்களில் மௌனத்துக்குப் பொருள் கூறும் திறனாய்வாளர் முதலிற் கேட்க வேண்டிய வினா இது.

உஸ்திக்காத் தீவில் 44 நாட்கள் வைக்கப்பட்ட பின்னர், 1927 சனவரி 20 இற் புறப்பட்டு, விலங்கிடப்பட்டவராய், வழியிலுள்ள சிறைகளில் இரவுகளைக் கழித்து, 19 நாட்பயணத்தின் முடிவில் மிலான் நகரின் சான் வித்தோரே சிறையை அடைந்தார். அங்கு அவர் விளக்கமறியற் கைதி. தண்டனை பெற்றவருக்கும் விளக்கமறியலில் உள்ளவருக்கும் இடையிலான வேறுபாடு, குடும்பத்தவர் முதலில் அறியவேண்டிய ஒன்றாகும். மிலானில் அவர் வாரத்துக்கு இரண்டு கடிதங்கள் எழுதலாம். வெளியிலிருந்து உணவைப் பணங்கொடுத்துத் தருவிக்கலாம். நாளேடுகளை வாங்கலாம், சிறை நூலகத்தின் நூல்களைப் பெறலாம். ஆயின் பேனாவும் தாளும் எந்நேரமும் அறையில் வைத்திருக்கும் அனுமதி மறுக்கப்பட்டது. 1927 மார்ச்சில், நான்கு பெரிய ஆய்வுப் பொருள்களைப் பற்றிய திட்டமொன்றைத் தமது மனைவியின் தமக்கையாருக்கு அவர் எழுதியமை பலரும் அறிந்தது. அத்திட்டத்தை நிறைவேற்றுதற்கு வேண்டிய எழுதுகோலே அப்போது அவரிடம் இருக்கவில்லை என்பது அத்துணை அறியப்படவில்லை.

இந்தத் தமக்கையாரே தத்தியானா சுக்த். கிராம்சியின் மனைவி யூலியா இரு மைந்தருடன் மொஸ்கோவில் இருந்தார், நோயுற்றிருந்தார், அவரிடமிருந்து கடிதங்கள் அரிதாகவே வந்தன. இளைய மைந்தன் யூலியானோவைத் தந்தை ஒருநாளும் கண்டதில்லை. தாயாரும் உடன்பிறந்தாரும் சார்தீனியத் தீவின் கிலார்சாவில் இருந்தனர். ஆகவே சிறைக்கைதியின் குடும்பம் என்னும் பொறுப்பு முழுவதும் இந்த ஒரு பெண்ணின் தலையிற் சுமந்தது. உடை, மருந்து, புத்தகம், பணம், வழக்கறிஞர், அமைச்சுக்கான மனு ஆகிய யாவும் அவர் கையால் நடந்தேறின. மார்க்சிய ஆய்வாளர்கள் நெடுங்காலம் இவரை ஓர் அடிக்குறிப்பாகவே நடத்தினர். நமது மரபிலும் இக்குறை உண்டு என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

1928 மே 28 இல் உரோமில் விசேட நீதிமன்றின் முன் விசாரணை தொடங்கிற்று. அதில் அரச வழக்குரைஞர் கூறியதாகச் சொல்லப்படும், அந்த மூளையை இருபதாண்டுகளுக்கு இயங்கவிடாது செய்தல் பற்றிய வாசகம் அளவுக்கு மீறி எடுத்தாளப்பட்டுவிட்டது. தீர்ப்பு 20 ஆண்டு, 4 மாதம், 5 நாள். அவ்வாண்டு சூலை 19 இல், நோயுற்ற கைதிகளுக்கென இருந்த, தென் இத்தாலியின் தூரி சிறைக்கு அவர் கொண்டுவரப்பட்டு 7047 ஆம் இலக்கக் கைதியானார்.

தூரியில் யாப்பு மாறிற்று. பதினைந்து நாட்களுக்கு ஒரு கடிதம். அதுவும் குடும்பத்தவருக்கு மட்டுமே. சிறை வழங்கும் தாளில், குறித்த வேளையில், கொடுக்கப்படும் பேனாவினால் எழுதுதல் வேண்டும். எழுதியது அதிகாரிகளால் வாசிக்கப்படும். 1931 நடுப்பகுதியிலேதான் வாரம் ஒரு கடிதம் என்னும் நிலை வந்தது. இதன் விளைவுகளை எண்ணிப் பார்த்தல் தகும். மாதத்துக்கு இரண்டே கடிதங்கள் எனின், தாய்க்கு எழுதினால் மனைவிக்கில்லை. மனைவிக்கு எழுதினால் தாய்க்கில்லை. எனவே ஒரே தாள் பலருக்கும் உரியதாயிற்று. தத்தியானாவுக்கு எழுதப்பட்ட கடிதத்தில் யூலியாவுக்கான செய்தியும், மைந்தன் தெலியோவுக்கான கதையும், ஒரு புத்தகப் பட்டியலும், குரோச்சேயின் தத்துவம் பற்றிய ஆராய்ச்சியும் அடுத்தடுத்து இடம்பெறுவது நடைச் சிறப்பு அன்று, பங்கீட்டின் விளைவு. தத்தியானா அக்கடிதங்களைப் படியெடுத்து மொஸ்கோவுக்கும், கேம்பிரிஜ்ஜில் இருந்த பொருளியலறிஞர் பியெரோ சிராஃபாவுக்கும் அனுப்பினார். சிராஃபா வழியே அவை வெளிநாட்டிலிருந்த கட்சித் தலைமையை எய்தின. நண்பருக்கு எழுத விதியில் இடமில்லை. மைத்துனிக்கு எழுத இடமுண்டு. அரசு குடும்பத்தை அரசியலற்ற ஒன்றாகக் கருதி விட்டுவைத்த சிறு வாயிலினூடாகவே ஓர் அரசியல் உரையாடல் நடைபெற்றது.

1929 சனவரியில், அறையில் எழுதும் அனுமதி அவருக்குக் கிடைத்தது. முதற் குறிப்பேட்டின் முதற்பக்கம் 1929 பெப்ரவரி 8 எனத் திகதியிடப்பட்டுள்ளது. இது சலுகை, உரிமையன்று. ஒவ்வொரு குறிப்பேடும் சிறை முத்திரை பெற்றே அவர் கைக்கு வந்தது. ஒரேவேளையில் அறையில் வைத்திருக்கக்கூடியவற்றுக்கு எல்லையிருந்தது. ஏனையவை சிறைக் களஞ்சியத்திற் கிடந்தன. ஒரு பொருளைப் பற்றிய குறிப்பு பல ஏடுகளிலுஞ் சிதறிக் கிடப்பதற்கும், ஓர் ஏட்டின் நடுவிலே வெற்றுப்பக்கங்கள் விடப்பட்டிருப்பதற்கும் ஆசிரியரின் சிந்தனைப் போக்கு மட்டுமன்றி இவ்வெல்லையும் காரணமாகலாம் என்பதனைக் கையெழுத்துப்படி ஆய்வுகள் கவனத்திற் கொண்டுள்ளன. இவ்விடத்து ஓர் எச்சரிக்கை அவசியம். மார்க்சியத்தை அவர் 'செயற்பாட்டுத் தத்துவம்' என அழைத்தமை தணிக்கைக்கு அஞ்சியே எனச் சொல்லப்படுவது உண்டு. அது பாதி உண்மை. அச்சொல்லுக்கு இத்தாலியச் சிந்தனை மரபில் ஏற்கனவே ஒரு வரலாறு உண்டு. அத்தொடரினாற் குறிக்கப்படுவதும் வெறும் மாற்றுப்பெயர் அன்று. சிறைவிதியால் யாவற்றையும் விளக்க முற்படுவதும் ஒருவகை இயந்திரப் பொருள்முதல்வாதமே.

புத்தகங்களுக்காகச் சிராஃபா மிலான் நகரப் புத்தகசாலையொன்றில் கிராம்சியின் பெயரிற் கணக்குத் திறந்திருந்தார். நூல்கள் அங்கிருந்து நேரே சிறைக்குச் சென்றன. நிருவாகம் மறுத்த சில நூல்களுக்கு, 1930 அளவில், கிராம்சி அரசாங்கத் தலைவருக்கே மனுச் செய்தார். இதனைச் சிலர் முரண்பாடாகக் காண்பர். தம்மைச் சிறையிட்டவனிடமே மனுவா? இவ்வினாவுக்கான விடை, விதிக்கும் சலுகைக்கும் இடையே அவர் வகுத்துக்கொண்ட எல்லையில் உள்ளது. விதி எதனை அனுமதிக்கின்றதோ அதனை வற்புறுத்திக் கேட்கலாம். அது இரத்தல் அன்று. விதிக்குப் புறம்பாக, ஆட்சியாளரின் தயவாகத் தரப்படுவதைக் கேட்டல் ஆகாது. மனு என்பது வடிவத்தில் ஒன்றே, பொருளில் இரண்டு.

தத்தியானாவினால் இந்த எல்லையை எப்பொழுதும் கடைப்பிடிக்க இயலவில்லை. அதற்காக அவரைக் குறைகூற நாம் யார்? உணவும் உடையும் மருந்தும் பொதிகளாக அனுப்பினார். கேட்காத பொருளை அனுப்ப வேண்டாம் எனக் கிராம்சி மீண்டும் மீண்டும் எழுதினார். சிற்சில வேளைகளிற் கடுமையாகவும் எழுதினார். வாசிப்போருக்கு அக்கடுமை நன்றிகெட்டதனமாகத் தோன்றும். விதியில் இடமில்லாத ஒரு பொருள் வந்துசேர்ந்தால், அதனை ஏற்பதா திருப்புவதா என்பது அத்தியட்சகரின் விருப்பத்தைப் பொறுத்ததாகின்றது. ஏற்றுக்கொண்டால் கைதி கடன்பட்டவனாகின்றான். மறுத்தால் அவனுக்குரிய ஏனையவற்றின் மீதும் ஐயம் விழுகின்றது. அன்போடு அனுப்பிய ஒரு பொதி, அதுவரை விதியின் மேல் நின்றவனைத் தயவின் கீழ்த் தள்ளிவிடக் கூடும். எனினும் தத்தியானா அனுப்பிய எல்லாமே இத்தகையன அல்ல. அவர் அனுப்பிய விதைகளையும் ரோசாச் செடியையும் சிறை முற்றத்தின் மதிலோரத்து மண்ணில் நட்டு, அவற்றின் வளர்ச்சியைக் கடிதந்தோறும் அறிவித்து வந்தார் கிராம்சி.

வெளியிலிருந்து வந்த ஒரு கடிதம் விளைவித்த கேடு இதனினும் பெரிது என அவர் நம்பினார். 1928 பெப்ரவரியில், அவர் விளக்கமறியலில் இருந்தபோது, கட்சித் தலைவர்களுள் ஒருவரான றுஜ்ஜேரோ கிறியேக்கோவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அரசியற் செய்திகள் நிறைந்த அக்கடிதம் கட்சியில் அவரது இடத்தைப் புலப்படுத்துவதாய் அமைந்திருந்தது. விசாரணை நீதவான் அதனைக் காட்டி, இவர் சிறையில் இருப்பதையே விரும்பும் நண்பர்கள் இவருக்கு உளர் போலும் என்ற கருத்தை வெளியிட்டார். அக்கடிதத்தால் வழக்கில் உண்மையில் எவ்வளவு தீங்கு நேர்ந்தது என்பதில் ஆய்வாளரிடையே கருத்தொற்றுமை இல்லை. ஆயின் அந்த ஐயம் கிராம்சியை ஆண்டுக்கணக்கில் வருத்தியது என்பதிற் கருத்து வேறுபாடில்லை. விளக்கமறியற் கைதிக்கு எழுதப்படும் ஒவ்வொரு வரியும் வழக்கின் ஒரு சான்றாகக் கூடும் என்னும் எளிய உண்மை, தேர்ந்த கட்சிக்காரருக்கும் மறந்துபோயிற்று.

1931 ஆகஸ்டில் கிராம்சி இரத்தம் கக்கினார். 1932 செப்டெம்பரில், அவரது சம்மதமின்றியே, வெளி மருத்துவர் ஒருவர் அவரைப் பார்வையிட வேண்டுமெனத் தத்தியானா மனுச் செய்தார். அதனை அறிந்த கிராம்சி சினந்தார். எனினும் அம்மனுவின் பயனாக 1933 மார்ச் 20 இல் பேராசிரியர் அர்க்காஞ்செலி தூரிக்கு வந்து அவரைப் பரிசோதித்தார். அதற்கு இரு வாரங்களின் முன்னர், மார்ச் 7 இல், கிராம்சி நிலைகுலைந்து வீழ்ந்திருந்தார். இந்நிலையில் அவர் நெடுநாள் உயிர்வாழ முடியாது என மருத்துவர் சான்றளித்தார். மன்னிப்பு வேண்டுதல் பற்றிய சொற்களை அச்சான்றிதழிற் சேர்க்கும் எண்ணம் மருத்துவருக்கு இருந்தது. கிராம்சி அதற்கு உடன்படவில்லை.

சட்டம் அறியாத குடும்பத்தவருக்கு இவ்விடம் மிகவும் இடர்ப்பாடானது. மன்னிப்பும் நிபந்தனையுடனான விடுதலையும் இரண்டுமே கைதியை வீட்டுக்குக் கொண்டுவரும் வழிகள் தாமே? அல்ல. மன்னிப்பு மனு ஆட்சியின் நியாயத்தை ஏற்றுக்கொள்வது. எதேச்சாதிகாரம் அதனை அச்சிட்டுப் பரப்பும். நிபந்தனையுடனான விடுதலையோ தண்டனைச் சட்டத்திலே வகுக்கப்பட்ட ஏற்பாடு. குறித்த காலத்தைக் கழித்த எக்கைதியும் கோரக்கூடியது. 1932 நவம்பரில் ஆட்சியின் பத்தாண்டு நிறைவையொட்டி வழங்கப்பட்ட பொதுத் தண்டனைக் குறைப்பினால், கிராம்சியின் தண்டனை 12 ஆண்டு 4 மாதமாகக் குறைந்திருந்தது. அதனை அவர் கேட்டுப் பெறவில்லை. அதன்பின் சட்டத்தின் ஏற்பாட்டை அவர் கையாண்டார். 1934 அக்டோபர் 25 இல் நிபந்தனையுடனான விடுதலை பெற்றார். மன்னிப்பு மனுவில் அவர் ஒருபோதும் ஒப்பமிடவில்லை.

தூரியில் அவரோடு இருந்த சமவுடைமைவாதி சாந்த்ரோ பெர்த்தீனி, 1978 முதல் 1985 வரை இத்தாலியக் குடியரசின் தலைவராயிருந்தவர். 1933 இல் அவர் பியனோசாத் தீவின் சிறையில் இருந்தபோது, அவருடைய முதிய தாயார் மகனுக்காக மன்னிப்பு மனுச் சமர்ப்பித்தார். மகன் அம்மனுவை ஏற்க மறுத்து நீதிமன்றுக்கு எழுதினார். தாய்க்கும் மிகக் கடுமையாக எழுதினார். மகனின் உறுதியைப் போற்றும் வரலாறுகள் பல உள. அந்தத் தாய்க்கு, மனு எழுதுவதற்கு முன்னர் மகனின் கருத்தை அறியும் வழியொன்று இருந்ததா என்று அவை கேட்பதில்லை. சந்திப்பும் கடிதமும் சலுகைகளாயிருக்கும் இடத்தில், தாயும் மகனும் தம்முள் கலந்தாலோசிப்பதும் சலுகையாகி விடுகின்றது. ஆட்சி விரும்பியதும் அதுவே.

கிராம்சியின் தாயார் பெப்பினா 1932 டிசம்பர் 30 இற் காலமானார். மகனின் உடல்நிலையை எண்ணி அச்செய்தியைக் குடும்பத்தவர் மறைத்தனர். 1934 இலும் அவர் தாய்க்குக் கடிதம் எழுதினார். இங்கு தடைசெய்தது சிறைவிதியன்று, குடும்பத்தின் பரிவு. நான்கு சுவர்களால் ஆன சிறை ஒன்று, குடும்பத்திலிருந்து செய்தி வராமையால் ஆன சிறை இன்னொன்று என்றும், முன்னையதை எதிர்பார்த்திருந்த தாம் பின்னையதை எதிர்பார்க்கவில்லை என்றும் பொருள்பட 1930 மேயிலேயே தத்தியானாவுக்கு அவர் எழுதியிருந்தார்.

கிராம்சி சிறையிற் கழித்த காலத்தின் பெரும்பகுதியில் நடைமுறையிலிருந்தது 1891 ஆம் ஆண்டின் சிறை ஒழுங்குவிதி. பாசிச ஆட்சி 1931 இல் அதற்குப் பதிலாகப் புதியதொன்றைப் பிறப்பித்தது. பாசிசம் வீழ்ந்து முப்பது ஆண்டுகள் சென்ற பின்னர், 1975 இலேதான் அவ்விதி சட்டமொன்றினால் மாற்றப்பட்டது. ஆட்சி மாறினால் சிறையும் மாறிவிடும் எனக் கருதுவோர் இதனைக் கவனித்தல் நலம். குறிப்பேடுகளின் முதலாவது ஆய்வுப் பதிப்பு வெளிவந்ததும் அதே 1975 இலேதான்.

இன்று சிறைவாயிலில் நிற்கும் குடும்பத்தவர் சுட்டிக்காட்டக்கூடிய ஓர் ஆவணம் உண்டு. ஐக்கிய நாடுகள் சபை 1955 இல் வகுக்கப்பட்ட குறைந்தபட்ச விதிகளைத் திருத்தி, 2015 டிசம்பரில் நெல்சன் மண்டேலா விதிகள் என்னும் பெயரில் ஏற்றுக்கொண்டது. அவை நாடுகளைச் சட்டத்தாற் கட்டுப்படுத்துவன அல்ல. எனினும் முற்கூறிய மூன்று சொற்களுக்கிடையிலான எல்லையை அவை ஓரளவு நகர்த்தியுள்ளன. 43 ஆவது விதியின்படி, குடும்பத் தொடர்பைத் தடைசெய்தல் ஒழுக்காற்றுத் தண்டனையாக அமைதல் ஆகாது. பாதுகாப்புக்கு இன்றியமையாதவிடத்து மட்டும், வரையறுத்த காலத்துக்கு, தொடர்பின் வழிகளைக் கட்டுப்படுத்தலாம். கைதி சிறைக்குள் வந்தவுடன் விதிகள், உரிமைகள், கடமைகள், தண்டனைகள் ஆகியவை அவருக்கு எழுத்தில் தரப்படல் வேண்டும் என்கின்றது 54 ஆவது விதி. அங்குள்ளோர் பெரிதும் வழங்கும் மொழிகளில் அவை கிடைத்தல் வேண்டும் என்கின்றது 55 ஆவது. தமிழ்க் கைதிகளைப் பொறுத்தவரை இது சிறிய விடயம் அன்று. இயன்றவரை வீட்டுக்கு அண்மையிலுள்ள சிறையில் வைக்கப்படல் வேண்டும் என்பது 59 ஆவது விதி. வடக்கிலிருந்து கொழும்புக்கும் பூசாவுக்கும் இரவுப் பயணஞ் செய்து, சில நிமிடச் சந்திப்புக்காகக் காத்திருந்த தாய்மாரை அறிந்தவர்களுக்கு அதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

மனுவைப் பொறுத்தவரை 56 ஆவது விதி குறிப்பிடத்தக்கது. முறைப்பாடு செய்யும் உரிமை முதலிற் கைதிக்குரியது. அடுத்து அவரது சட்டத்தரணிக்குரியது. இருவராலும் இயலாதபோது குடும்பத்தவர் ஒருவர் அதனைச் செய்யலாம். இந்த வரிசை காரணமின்றி அமைந்ததன்று. தத்தியானாவின் மனு கிராம்சிக்கு மருத்துவரைக் கொண்டுவந்தது. பெர்த்தீனியின் தாயாரின் மனு மகனை அவரிடமிருந்து தூரமாக்கிற்று. இரண்டுமே உள்ளே இருப்பவரைக் கேளாமற் செய்யப்பட்டவை. நோய், காயம், சந்திப்பு மறுப்பு போன்றவை குறித்துக் குடும்பத்தவர் எழுதும் கடிதத்தில் நாள், நேரம், மறுத்தவரின் பதவி, சொல்லப்பட்ட காரணம் ஆகியவை இருத்தல் போதும். விடுதலையையும் மன்னிப்பையும் பற்றிய எச்சொல்லும் கைதியினதும் அவரது சட்டத்தரணியினதும் சம்மதமின்றி அதில் இடம்பெறலாகாது. அனுப்பும் கடிதத்தின் படியொன்றைத் தம்மிடம் வைத்துக்கொள்ளலும் நன்று. தத்தியானா அவ்வாறு படியெடுத்துப் பேணியவையே இன்று நம் கையிலுள்ள நூலின் ஒரு பகுதி.